ஹெல்மண்டின் கடைமடை: ஈரானின் ஸாபோல் நகரமும் சிஸ்தான் மண்ணும்

ஆப்கான் எல்லையை ஒட்டியிருக்கும் ஸாபோல் எப்படிப்பட்ட ஊர், அங்கே யார் வாழ்கிறார்கள், பழமையாக என்னென்ன மிஞ்சியிருக்கிறது என்பது கேள்வி. மூன்றுக்கும் பதிலை ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஸாபோல் ஒரு பெரிய ஆற்றின் கடைமடையில் இருக்கிறது. அந்த ஆறு பிறப்பதும், அதன் நீளத்தில் பெரும்பகுதி ஓடுவதும் பக்கத்து நாட்டில். அங்கே யார் எவ்வளவு தண்ணீரைத் தடுக்கிறார்கள் என்பதுதான் இங்கே வயல், மீன், மாடு, காற்றின் தன்மை, ஊரை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

வரைபடத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். ஆப்கானிஸ்தானில் ஸாபுல் என்றொரு மாகாணம் உண்டு. அது கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. நாம் பேசும் நகரம் ஈரானின் சிஸ்தான்-பலுசிஸ்தான் மாகாணத்தின் வடகோடியில், மாகாணத் தலைநகர் ஸாஹெதானிலிருந்து சாலைவழி சுமார் 200 கி.மீ. தொலைவில் உள்ளது. முன்பு நஸ்ரதாபாத் என்று அழைக்கப்பட்ட ஊர், ஈரான் மன்னர் ரேசா ஷா காலத்தில் இன்றைய பெயரைப் பெற்றது. 2016 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1,35,000. கடல்மட்டத்திலிருந்து 480 மீட்டர் அளவில், மேசை போலத் தட்டையான வண்டல் சமவெளி. ஆண்டு மழை 50 முதல் 60 மி.மீ. மட்டுமே, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதோ ஆண்டுக்கு 4,000 மி.மீ.யைத் தாண்டும். ஆக, மழையை நம்பி இங்கே ஒரு கீரைப்பாத்தி கூடப் போட முடியாது.

ஹெல்மண்ட் ஆறு காபூலுக்கு மேற்கே இந்துகுஷ் மலைப்பகுதியில் தோன்றி, 1,100 கி.மீ.க்கு மேல் ஓடி, கடலைக் காணாமல் ஸாபோலைச் சுற்றியுள்ள சிஸ்தான் பள்ளத்திலேயே முடிந்துவிடுகிறது. எல்லையைத் தொட்டதும் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை சிஸ்தான் ஆறு என்ற பெயரில் ஈரானுக்குள் வருகிறது. பரியான் என்ற மற்றொரு கிளை இரு நாடுகளுக்கும் எல்லைக்கோடாகவே வடக்கு நோக்கிப் போகிறது. இவை போய்ச் சேரும் ஆழமில்லாத ஏரிகளுக்குத்தான் ஹாமூன் என்று பெயர். மொத்தம் மூன்று: பெரும்பகுதி ஆப்கானிஸ்தானில் உள்ள பூசாக், இரு நாடுகளுக்கும் பொதுவான ஸாபெரி, ஈரானுக்குள் உள்ள ஹாமூன்-ஏ ஹெல்மண்ட். வெள்ளக் காலத்தில் பூசாக் நிரம்பி ஸாபெரிக்கு வழியும். ஃபராஹ் முதலான ஆறுகளும் அதில் சேரும். அது நிரம்பி மூன்றாவதற்கு வழியும். நல்ல ஆண்டுகளில் மூன்றும் ஒன்றாகி 4,000 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்த காலம் உண்டு.

கடலில் சேராத ஆறு முடியும் ஏரி உப்பாகத்தான் இருக்க வேண்டும். ஹாமூன் நன்னீராக இருந்ததற்குக் காரணம், அதற்கு இயற்கையே ஒரு கலுங்கு வைத்திருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருவெள்ளம் வரும்போது, மிகுதி நீர் ஷீலே என்ற ஓடை வழியாகத் தெற்கே போய், மீண்டும் ஆப்கான் எல்லைக்குள் இருக்கும் கவுத்-ஏ ஸிரே என்ற இன்னும் தாழ்ந்த பள்ளத்தில் விழும். சேர்ந்த உப்பை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். இந்தக் கழுவல் நின்றால் ஏரி சிறிது சிறிதாக உவர்ப்படும். ஹாமூனுக்கு உயிர்நாடி வழக்கமான ஓட்டத்தை விட இந்த வெள்ளம்தான். பின்னால் வரும் ஒப்பந்தத்தின் ஓட்டை எங்கே என்பது இதை வைத்துத்தான் விளங்கும்.

ஏரி இருந்தவரை அதைச் சுற்றி மூன்று வகைப் பிழைப்பு இருந்தது. ஸய்யாத் எனப்படுவோர் மீனும் பறவையும் பிடிப்பவர்கள். சம்புக் கோரையைக் கட்டுக்கட்டாக இறுக்கிச் செய்த தூத்தன் என்ற படகில் போவார்கள். கழியால் தரையை ஊன்றித் தள்ள வேண்டும், ஏனென்றால் துடுப்புக்கு ஆழம் போதாது. காவ்தார் எனப்படுவோர் மாடு வளர்ப்பவர்கள். திமிலுள்ள சிஸ்தானி மாடு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே நாணலை மேய்ந்து கொழுக்கும் இனம். மூன்றாவது வகை உழவர்கள். இவர்கள் பாகாவ் என்ற குழுக்களாகச் சேர்ந்து, குழுவுக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டுப் பயிரிட்டார்கள். வெள்ளம் வடிந்த பின் ஆற்றை மறித்து வாய்க்காலுக்குத் திருப்பும் அணை, கஸ் என்ற உவர்நிலப் புதர்மரத்தின் கிளைகளையும் மண்ணையும் அடுக்கிக் கட்டியது. அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும். ஆகவே ஆண்டுதோறும் ஊர்கூடிக் கட்ட வேண்டும். ஹஷர் என்ற இந்தக் கூட்டு வேலை நம் ஊர்க் குடிமராமத்தின் அதே ஏற்பாடு. வராத ஊருக்குத் தண்ணீர் கிடையாது.

படையெடுத்து வந்தவர்களுக்கும் இந்த நிலத்தின் பலவீனம் தெரிந்தே இருந்தது. 1383இல் தைமூர் சிஸ்தானைச் சூறையாடினார். அவர் மகன் ஷா ருக் 1408இல் அணைகளையே உடைத்தார். கோட்டையை உடைத்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். அணையையும் வாய்க்காலையும் உடைத்தால் மண் மேடிட்டுவிடும், ஒரு தலைமுறைக்கு விளைச்சல் இல்லை. ஸாபோலைச் சுற்றி இடிந்த மண் ஊர்கள் இத்தனை கிடப்பதற்குப் போர் பாதிக் காரணம், வாய்க்கால் திசைமாறியது மீதிக் காரணம்.

எல்லைக்கோடு பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் வேலை. 1872இல் கோல்ட்ஸ்மித் நடுவராக வந்து சிஸ்தானை இரண்டாகப் பிரித்தார். ஆறு தடம் மாறியதும் சண்டை மீண்டும் முளைத்தது. 1903 முதல் 1905 வரை மக்மஹோன் வந்து அளந்தார். பிறகு 1953இல் ஆப்கானிஸ்தானில் ஹெல்மண்டின் குறுக்கே கஜாக்கி அணை எழுந்தது. இன்று நடப்பில் உள்ள ஒப்பந்தம் 1973 மார்ச்சில் ஆப்கான் பிரதமர் மூசா ஷஃபீக்கும் ஈரான் பிரதமர் ஹொவேதாவும் கையெழுத்திட்டது. சராசரி நீராண்டில் ஈரானுக்கு விநாடிக்கு 22 கன மீட்டர், நல்லெண்ணமாக மேலும் 4, ஆக 26. ஆண்டுக் கணக்கில் இது சுமார் 82 கோடி கன மீட்டர். மாதத்துக்கு மாதம் அளவு மாறும். வறட்சி ஆண்டில் அதே விகிதத்தில் குறையும். எது சராசரி ஆண்டு என்பதை கஜாக்கிக்கு மேலே உள்ள தெஹ்ராவூத் அளவுநிலையத்தில் பதிவாகும் ஓட்டத்தை வைத்துச் சொல்ல வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த அளவுநிலையம் முழுக்க ஆப்கான் பக்கம் இருக்கிறது. வறட்சி என்று அவர்கள் சொன்னால் ஈரான் அதை நேரில் சரிபார்க்க வேண்டும். அந்த அனுமதிதான் தகராறாக மாறுகிறது. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. 82 கோடி கன மீட்டர் என்பது குடிநீருக்கும் ஓரளவு பாசனத்துக்கும் போதும். ஏரிக்கென்று ஒரு சொட்டும் அதில் ஒதுக்கப்படவில்லை. அதற்கு மேல் தண்ணீர் இருந்தாலும் ஈரான் உரிமை கோராது என்றும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஏரியை வெள்ளம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை. 2021 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் நிம்ரூஸ் மாகாணத்தில் அதே ஆற்றின் மேல் கமால் கான் அணை திறக்கப்பட்டதோடு அந்த நம்பிக்கையும் போயிற்று. அங்கிருந்து வெள்ளத்தை நேராக கவுத்-ஏ ஸிரே உப்புப் பள்ளத்துக்குத் திருப்ப முடியும். 2023 மே மாதம் இந்த எல்லையில் துப்பாக்கிச் சூடு நடந்து இருபுறமும் உயிர் போனதற்குப் பின்னணியில் தண்ணீர்ப் பேச்சுவார்த்தையின் சூடும் இருந்தது. என் பார்வையில் தவறு ஒருதலைப்பட்சமல்ல. மேல்மடைக்காரர் ஒப்பந்த அளவைக்கூட ஒழுங்காக விடவில்லை என்பது உண்மை. கீழ்மடைக்காரர் ஒப்பந்தத்திலேயே ஏரியை மறந்துவிட்டார் என்பதும் உண்மை.

வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க ஈரான் கண்ட வழி சாஹ்-நீமே. ஸாபோலுக்குத் தெற்கே இருந்த இயற்கைப் பள்ளங்களை நீர்த்தேக்கங்களாக்கினார்கள். இப்போது நான்கு உள்ளன. ஸாபோலின் குடிநீரும், குழாய் வழியாக ஸாஹெதானின் குடிநீரில் பெரும்பங்கும் இங்கிருந்துதான். ஆனால் பரந்த, ஆழம் குறைந்த தேக்கம் என்பதால் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போவது மிக அதிகம். தேக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு பங்கும் ஹாமூனிலிருந்து பிடுங்கப்பட்டது என்ற முணுமுணுப்பும் உள்ளூரில் உண்டு.

அடுத்தது காற்று. மே இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை வடவடமேற்கிலிருந்து இடைவிடாமல் வீசுவதால் இதை 120 நாள் காற்று என்கிறார்கள். வறண்ட ஆண்டுகளில் அந்தக் கணக்கோடு நிற்பதில்லை. வடக்கே காஸ்பியன், துர்க்மெனிஸ்தான் பக்கம் காற்றழுத்தம் கூடியும், தெற்கே கொதிக்கும் பாலைநிலத்தில் குறைந்தும் இருக்கும். இடையில் கிழக்கு ஈரான் மலைகளுக்கும் இந்துகுஷ்ஷின் மேற்கு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி காற்றைக் குறுக்கி வேகப்படுத்துகிறது. மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் வீச்சுகள் அரிதல்ல. ஏரி நிரம்பியிருந்தபோது இந்தக் காற்று நீர்ப்பரப்பைக் கடந்து குளிர்ந்து வந்தது. கோடைக்கு அது வரம். ஏரி காய்ந்ததும் அதே காற்று ஏரித்தரையின் மாவு போன்ற வண்டலையும் உப்பையும் வாரிக்கொண்டு ஊருக்குள் வருகிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், 2.5 மைக்ரானுக்கும் குறைவான நுண்துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 217 மைக்ரோகிராம் என்று ஸாபோல் முதலிடத்தில் நின்றது. இதைத் தொழிற்சாலைப் புகை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸாபோலில் அவ்வளவு தொழிற்சாலைகளே இல்லை. அது பெரும்பாலும் ஏரித்தரையின் புழுதி.

பழைய வீடுகள் இந்தக் காற்றை எதிர்க்காமல் வேலை வாங்கக் கற்றவை. பச்சைச் செங்கல்லால் தடித்த சுவர், மேலே குவிமாடக் கூரை. காற்று மோதும் வடபுறச் சுவரில் பெரிய சன்னல் இருக்காது. தாழ்வாகச் சிறு துளைகள் மட்டும். அவற்றுக்கு தொர்ச்சே என்று பெயர். குவிமாடத்தின் உச்சியில் கோலக் என்ற சிறு காற்றுப்பொறி. இவற்றோடு கார்கானே என்பது உள்ளூர்க் குளிர்சாதனம்: காற்று வரும் திறப்பில் ஒட்டகமுள் செடியைத் திணித்துக் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளிப்பார்கள். காற்று ஈரமுள்ளின் ஊடே வரும்போது குளிர்ந்துவிடும், புழுதியும் முள்ளிலேயே தங்கும். ஈரப்பதம் மிகக் குறைந்த ஊர் என்பதால் பலன் நன்றாகத் தெரியும். முள் காய்ந்துவிட்டால் வெப்பக்காற்று அப்படியே உள்ளே வரும். எனவே தண்ணீர் தெளிக்க ஓர் ஆள் வேண்டும். முள்ளையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

காற்றாலையை எழுத்தில் நாம் முதலில் சந்திக்கும் இடங்களில் ஒன்று சிஸ்தான்தான். பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆஸ்பாத் என்ற இந்த ஆலையின் அச்சு செங்குத்தானது. அச்சைச் சுற்றி நிற்கும் இறக்கைகள் மரமும் நாணல் பாயும் கொண்டவை. காற்று வரும் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்பி, இறக்கைச் சக்கரத்தின் பாதியை மறைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் உள்ள இடைவெளி வழியாக நுழையும் காற்று ஒரு பக்கத்தை மட்டும் தள்ளுவதால் சக்கரம் சுழலும். அச்சின் கீழ்முனை நேராகத் திரிகையின் மேற்கல்லில் பொருந்தியிருக்கும். இடையில் பல்சக்கரம் கிடையாது. காற்று எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால் ஆலையைத் திருப்பி வைக்கும் ஏற்பாடு தேவைப்படவில்லை. திசை மாறும் ஊரில் இந்த அமைப்பு செல்லாது. சிஸ்தானில் ஹவுஸ்தார், கலே மச்சி பகுதிகளில் இடிபாடுகள் உள்ளன; ஓரளவு முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் வடக்கே கொராசானின் நஷ்திஃபானுக்குப் போக வேண்டும்.

மக்களில் பெரும்பான்மையோர் சிஸ்தானிகள். பாரசீகத்தின் ஒரு தனி வட்டார வழக்கைப் பேசுகிறவர்கள், பெரும்பாலும் ஷியாக்கள். மாகாணத்தின் மற்ற பகுதிகளில் பலூச்சி பேசும் சுன்னி பலூச் மக்களே அதிகம்; ஸாபோலிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர்கள் கணிசமாக உண்டு. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து தங்கியவர்களும் பலர். எல்லைக்கு இருபுறமும் உறவுகள் உள்ள குடும்பங்கள் ஏராளம். சர்பந்தி, ஷஹ்ரகி, கியானி என்பவை சிஸ்தானிகளிடையே புகழ்பெற்ற குலங்கள். வறட்சி வரும்போதெல்லாம் இவர்கள் கூட்டமாக வடக்கே, காஸ்பியன் கரையோரத்துக் கோர்கான் சமவெளிக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். இன்றைய கோலெஸ்தான் மாகாணத்தில் முழுக்க சிஸ்தானிகளே வாழும் ஊர்கள் இருப்பது அதனால்தான்.

தங்கள் மண்ணைப் பற்றிச் சிஸ்தானிகளுக்குப் பெருமிதம் அதிகம். பாரசீகக் காவிய நாயகன் ருஸ்தம் இந்த மண்ணின் மைந்தன். வரலாற்றில் அவர்கள் முன்னிறுத்துவது யாகூப் இப்னு லைத் என்ற செம்புக் கொல்லரை. 861இல் சிஸ்தானின் ஆட்சியைப் பிடித்து ஸஃப்பாரி வம்சத்தைத் தொடங்கியவர், 876இல் பாக்தாத்தை நோக்கியே படை நடத்தித் தோற்றார். அவரை அரபியில் புகழ்ந்து பாடியபோது, எனக்குப் புரியாததை ஏன் பாடுகிறீர்கள் என்று அவர் கேட்டதாகவும், அதன் பிறகே அரசவையில் பாரசீகக் கவிதை எழுந்ததாகவும் மரபுச் செய்தி. அவருடைய தலைநகர் ஸரஞ்ச் இன்று எல்லைக்கு அந்தப் பக்கம்.

தொல்லியலில் முதலிடம் ஷஹ்ர்-ஏ சூக்தேவுக்கு, அதாவது எரிந்த நகரத்துக்கு. ஸாபோலிலிருந்து ஸாஹெதான் சாலையில் 56 கி.மீ. சுமார் கி.மு. 3200 முதல் கி.மு. 1800 வரை வாழ்ந்த வெண்கலக்கால நகரம்; 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1967இல் மௌரிசியோ தோசி தலைமையிலான இத்தாலியக் குழு தோண்டத் தொடங்கியது. 1997 முதல் மன்சூர் சஜ்ஜாதியின் தலைமையில் ஈரானியக் குழு தொடர்ந்தது. மேற்பரப்பில் உப்பும் மண்ணும் சேர்ந்து கெட்டியான மேலோடு உருவானதால், வேறு இடங்களில் மக்கிப்போகும் துணி, கயிறு, மரம், முடி, உணவு எச்சங்கள் இங்கே தப்பின. வீடுகள், தொழிற்பட்டறைகள், பொதுக் கட்டடங்கள், இடுகாடு என்று பகுதி பகுதியாகப் பிரிந்த ஊர். வடகிழக்கு ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து லாப்பிஸ் லசூலி என்ற நீலக்கல்லைக் கட்டியாக வரவழைத்து, இங்கே அறுத்துத் துளையிட்டு மணிகளாக்கியிருக்கிறார்கள். கற்சீவல்களும் துளையிடும் கருவிகளும் பட்டறைகளிலேயே கிடைத்தன. ஆறு தடம் மாறியதும் ஊர் கைவிடப்பட்டது என்பதே பொதுவான முடிவு.

2006இல் இங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டின் கண்குழியில் செயற்கைக் கண் கிடைத்தது. கீல் கலந்த பசையால் செய்த அரைக்கோளம், மேலே பொன் வேலைப்பாடு, கட்டிக்கொள்ள இரு பக்கமும் துளை. ஏறக்குறைய 4,800 ஆண்டுப் பழமை. நூல் உரசிய தடயம் இருப்பதால், பிணத்துக்கு வைத்த அலங்காரமாக இல்லாமல் உயிரோடு இருந்தபோதே அணிந்தது என்கிறார்கள். மூளையில் நீர் கோத்த சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டை வெட்டித் திறந்த அறுவைச் சிகிச்சைத் தடயமும் உண்டு. இன்னொன்று, ஆடு ஒன்று மரத்தை நோக்கித் தாவுவதை ஐந்து படங்களாக வரைந்த மண்கோப்பை. உலகின் முதல் அனிமேஷன் என்று இதைச் சமூக ஊடகங்களில் பரப்புகிறார்கள். அடுத்தடுத்த அசைவுகளை வரிசையாக வரைந்திருக்கிறார்கள் என்பது வரை ஐயமில்லை. கோப்பையைச் சுழற்றிப் பார்த்து ரசித்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை.

இரண்டாவது கூஹ்-ஏ குவாஜா. ஸாபோலுக்குத் தென்மேற்கே சுமார் 30 கி.மீ.யில், சமவெளியிலிருந்து 120 மீட்டர் அளவு எழும் கருங்கல் மேடை. எரிமலைப் பாறை, உச்சி தட்டையானது. ஹாமூன் நிரம்பினால் இது தீவாகிவிடும். சரிவில் பார்த்தியர், சாசானியர் என்ற பழைய ஈரானிய அரச மரபுகளின் காலத்துப் பச்சைச் செங்கல் கட்டடத் தொகுதி இருக்கிறது. இதன் சுவரோவியங்களை 1915-16இல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டெய்ன் கண்டார். 1920களில் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற இன்னொரு தொல்லியலாளர் ஆய்வு செய்தார். பார்சிகளின் மதமான சரத்துஸ்திர மரபில் வருங்கால இரட்சகர் தோன்றுவார் எனப்படும் ஏரியை ஹாமூனோடு சேர்த்துச் சொல்வதால் இது அவர்களுக்குப் புனிதம். உச்சியில் உள்ள குவாஜா அடக்கத்தலத்துக்கு நவ்ரூஸ் என்ற பாரசீகப் புத்தாண்டுக் காலத்தில் முஸ்லிம் குடும்பங்கள் திரளாக ஏறுகின்றன. ஸாபோலின் தென்கிழக்கே உள்ள தஹான்-ஏ கோலாமான், பழைய பாரசீகப் பேரரசை ஆண்ட அகாமனியர் காலத்து நகரம். சாஹ்-நீமே போகும்போது சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கைவினையில் காமே-தூஸி என்ற தையல் வேலை தனித்துத் தெரியும்: வெள்ளைத் துணியில் வெள்ளைப் பட்டுநூல், ஆண்களின் சட்டைக் கழுத்திலும் மார்பிலும். தொஹோல் என்ற முரசும் சுர்னாய் என்ற ஊதுகுழலும் முழங்க ஆடும் வாளாட்டம் திருமணங்களில் இன்றும் உண்டு. சாப்பாட்டில் கஷ்க்-ஏ ஸர்த் கேட்டு வாங்குங்கள். கோதுமை மாவையும் தயிரையும் மஞ்சள், சீரகம், கொத்துமல்லி, பூண்டோடு பிசைந்து, நாட்கணக்கில் புளிக்க வைத்து, உருண்டையாக்கிக் காயவைத்த சேமிப்புணவு; வேண்டும்போது பொடித்துக் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். யாகூத்தி என்ற சிறுமணிச் சிவப்புத் திராட்சை ஈரானிலேயே முதலில் பழுப்பது. மே இறுதி, ஜூனில் சந்தைக்கு வந்துவிடும்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, அல்லது நவம்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். மூச்சுத்தொல்லை உள்ளவர்கள் மற்ற மாதங்களிலும் நல்ல முகக்கவசத்தோடு போகவேண்டும். ஷஹ்ர்-ஏ சூக்தேயையும் அதே சாலையில் தெற்கே உள்ள ஹவுஸ்தார், கலே மச்சி இடிபாடுகளையும் ஒரே நாளில் பார்க்கலாம். கூஹ்-ஏ குவாஜா வேறு திசையில் என்பதால் அதற்குத் தனியாக ஒரு நாள், காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. ஷஹ்ர்-ஏ சூக்தேயில் காலடியில் மண்பாண்ட ஓடுகள் இறைந்து கிடக்கும். ஒன்றைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வங்கி அட்டைகள் ஈரானில் வேலை செய்யாது, ரொக்கம் வேண்டும். மாகாணத்தின் பாதுகாப்பு நிலை அடிக்கடி மாறும். பல அரசுகள் எச்சரிக்கை விடுத்திருக்கின்றன, புறப்படுமுன் விசாவையும் பயண அறிவுரையையும் சரிபாருங்கள்.

எல்லைக்கடவு மீலக்கில் உள்ளது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஸரஞ்ச். அங்கிருந்து தெலாராம் வரை போகும் 218 கி.மீ. நெடுஞ்சாலை இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு கட்டி 2009இல் ஒப்படைத்தது. ஈரானின் சாபஹார் துறைமுகத்திலிருந்து ஆப்கானிஸ்தானுக்குச் சரக்கு போக ஒரு வழி வேண்டும் என்பதே இந்தியாவின் கணக்கு. மீலக்கில் லாரி வரிசையையோ பாலத்தையோ காவல்கோபுரத்தையோ படம் எடுக்காதீர்கள். தண்ணீர்த் தகராறு, டீசல் கடத்தல், அகதிகள் வரவு எல்லாம் சேர்ந்து அந்தப் பகுதி எப்போதும் விறைப்பாகவே இருக்கும். கைப்பேசியைத் தூக்கினாலே விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்.